அப்பாவுக்கு, ரெட்வுட் காட்டைப் பற்றி

ஹீல்ட்ஸ்பர்க், கலிஃபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிக்குப் புது மருந்து கேட்கிறதா? போன வாரம் ஒரு காட்டுக்குப் போய்வந்தோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். மரத்தொழிலிலேயே இருந்த உங்களிடம் மரத்தைப் பற்றி அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் இருக்கும் சொனோமா வட்டாரம் முழுக்கத் திராட்சைத் தோட்டம். சனிக்கிழமை ஆனால் ஒயின் ருசி பார்க்க வருகிறவர்களின் கார் சாலையை அடைத்துவிடும். நாங்கள் ரஷ்யன் ஆற்றை ஒட்டி மேற்கே போனோம். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கர்ன்வில் என்ற சிற்றூரைத் தாண்டி இரண்டு மைலில் ஆர்ம்ஸ்ட்ராங் ரெட்வுட்ஸ் காடு. வெளியே நல்ல வெயில், உள்ளே ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

ரெட்வுட் என்றதும் ஆந்திராச் செம்மரத்தை நினைத்துவிடாதீர்கள். இது ஊசியிலை மரம், இனமே வேறு. அங்கே இருப்பதிலேயே உயரமான மரம் 310 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரமே 236 அடிதான், பார்த்துக்கொள்ளுங்கள். கர்னல் ஆர்ம்ஸ்ட்ராங் என்று பெயர் வைத்த இன்னொரு மரத்தின் குறுக்களவு 14 அடிக்கு மேல், வயது 1,400 வருடங்களுக்கு மேல். அண்ணாந்து பார்த்தால் கிளையே கண்ணுக்கு எட்டவில்லை. முறுக்கு இல்லை, வளைவு இல்லை, நூல் பிடித்த மாதிரி மேலே போகிறது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் எத்தனை கன அடி தேறும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள்.

இதன் வைரம் பாய்ந்த நடுக்கட்டை சிவப்பு. எடை குறைவு, அறுக்கச் சுலபம், மழையில் கிடந்தாலும் லேசில் மக்காது. அதனால்தான் இதற்கு இத்தனை கேடு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய எல்லா மரத்தையும் வெட்டினார்கள். கர்ன்வில்லுக்கே அப்போது அடிக்கட்டை ஊர் என்ற பொருளில் ஸ்டம்ப்டவுன் என்று பெயர் இருந்தது. இங்கே திராட்சைக் கொடிக்கு ஊன்றிய கழிகள் இந்த மரத்தைப் பிளந்து செய்தவை. ஒயின் ஊறவைத்த பெரிய தொட்டிகளும் இதே பலகைதான், எவர்சில்வர் தொட்டி வரும் வரை. கடற்கரை நெடுக இருந்த பழைய காட்டில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் இன்று மிச்சம்.

கோடையில் இங்கே மழை கிடையாது. பசிபிக் கடலிலிருந்து வரும் மூடுபனிதான் இந்த மரங்களுக்குத் தண்ணீர். ஊசியிலையில் பட்டுத் திரண்டு சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்குகிறது. இலைகளும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். இதே மூடுபனி ஆற்றோடு உள்ளே வந்து இரவைக் குளிர வைப்பதால்தான் இந்தப் பக்கத்துப் பினோ நுவார் திராட்சைக்கு அவ்வளவு பெயர். காலையில் எங்கள் ஜன்னலை மறைக்கிற பனியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அந்தக் காட்டு ஞாபகம்தான் வருகிறது.

2020 ஆகஸ்டில் இடி விழுந்து பற்றிய தீ இந்தக் காட்டுக்குள்ளும் நுழைந்தது. பல அடிமரங்கள் இன்னும் கரியாக நிற்கின்றன. ஆனால் பட்டை ஒரு அடி கனம் வரை இருக்கும், பிசினும் இல்லை. அதனால் பழைய மரங்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. கரிந்த உடம்பிலிருந்தே பச்சையாகத் தளிர் விட்டிருக்கிறது, அப்பா. தொட்டுப் பார்த்தேன்.

உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. இந்தக் காட்டைக் காப்பாற்றியவர் ஒரு மர வியாபாரி. ஜேம்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர். வெட்டி விற்றே பணம் பார்த்தவர், 1870களில் இந்த ஒரு பகுதியை மட்டும் வெட்டாமல் ஒதுக்கினார். அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகளும் லெபரான் என்ற குடும்பத்தாரும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கார் ஊர்வலம் நடத்தி ஆதரவு திரட்டினார்கள். 1917இல் மக்கள் வாக்களித்து, கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், பணம் 80,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். அது உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடம். மரத்தின் விலை தெரிந்த ஒருவருக்கு அதை நிற்க விட எவ்வளவு மனம் வேண்டும் என்று உங்களுக்குத்தான் புரியும்.

அடுத்த வருடம் நீங்களும் அம்மாவும் செப்டம்பரில் வாருங்கள். திராட்சை பறிப்பையும் பார்க்கலாம். காட்டுப் பாதை சமதளம், அம்மா தாராளமாக நடப்பார். உட்கார பெஞ்சும் உண்டு. விசாவுக்கு வேண்டிய காகிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஒன்று கேட்கணும். செங்கோட்டை மர மில் ஓடிய காலத்தில், காட்டில் மரம் வெட்டும் கூப்பு ஏலம் எடுத்து மலைக்குப் போவீர்களே, அப்படி விலை பேசிய பிறகும் வெட்ட மனசு வராமல் விட்ட மரம் ஏதாவது உண்டா? இருந்தால் எங்கே, என்ன மரம் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்