கறுப்புப் போர்வையில் வெள்ளைப் பஞ்சு: மாங்குளத்துத் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

மேலே பல நிறத் துண்டுத் துணிகள், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி என்று மூன்று படையாக நீர் தைத்து, இப்போது திரும்பி வந்திருக்கிற போர்வையின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புத் துண்டுகள் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு நார் எட்டிப் பார்க்கிறது. பக்கத்து மஞ்சள் துண்டில் ஒன்றுமே தெரியவில்லை. "இனிமேல் கறுப்பும் கடும் நீலமும் தொடமாட்டேன் அக்கா" என்று எழுதியிருக்கிறீர். அதை மட்டும் செய்யாதேயும். மஞ்சளிலும் பஞ்சு வந்துதான் இருக்கிறது, நிறம் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வன்னியின் செம்புழுதிக்குக் கடும் நிறம்தான் தோது என்று தேடி வாங்குகிற சனத்தை நீர் ஏன் விடவேண்டும்? விசுவமடு, ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டில் தைக்கிற பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். அதனால்தான் எல்லாரும் வாசிக்கிற மாதிரிப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் வேலை, அந்த நார்களைப் பிடித்து இழுப்பதை நிறுத்தும். உள்ளே வைத்த பொலியஸ்டர்ப் பஞ்சின் நார் பலமானது, லேசில் அறாது. நுனி வெளியே வந்து சுருண்டாலும் அடி உள்ளே மற்ற நார்களோடு பின்னிக்கொண்டுதான் இருக்கும். ஒன்றை இழுத்தால் அதே ஓட்டையால் இன்னும் நாலு வரும். பருத்திப் பஞ்சு அப்படியில்லை. அதுவும் வெளியே வரும், ஆனால் அறுந்து, கழுவக் கழுவப் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியும். உமது மூன்றாவது படத்தில், தையல் கோட்டின் வழியே ஒரே இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. அது பஞ்சு இல்லை. மெசினின் அடிநூல் சுற்றுகிற பொபினில் போட்ட வெள்ளை நூல் மேலே ஏறி நிற்கிறது. மேல்நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, அடிக்கும் கறுப்பு நூலே போட்டால் அது தீர்ந்துவிடும். கையால் ஒருக்கா தட்டிவிட வெறும் தூசு போய்விடும். தட்டியும் போகாமல் துணியோடு நிற்கிறதுதான் உள்ளே இருந்து வந்த நார்.

சரி, ஏன் வருகிறது? வழி இருப்பதால் வருகிறது. எங்கள் வீடுகளில் இலவம்பஞ்சு அடைக்கிற தலையணைக்கு உள்ளுறை தைக்க, கோடு போட்ட அந்தத் தடித்த மெத்தைத் துணியைத்தானே தேடுவார்கள்? இலவம்பஞ்சு நார் குட்டையானது, மெழுகுப் பூச்சுப் போல வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடிக்காது. ஐதான துணி என்றால் ஊர்ந்து வெளியே வந்துவிடும். போர்வைக்கும் அதே நியாயம்தான், ஆனால் மெத்தைத் துணியில் போர்வை தைக்க முடியாது. ஆகவே துணியைச் சோதித்து எடுக்க வேண்டும். ஒற்றைப் படையாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பாரும். ஊசித் துவாரம் போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால், கடும் நிறத்துக்கு அந்தத் துணி வேண்டாம். இப்படியான போர்வைக்கென்று நெய்கிற பருத்தித் துணியில் அங்குலத்துக்கு நெடுக்கிலும் குறுக்கிலும் ஏறக்குறைய 60 முதல் 75 நூல் இருக்கும். நெருக்கமாக நெய்த நல்ல பொப்ளின் துணி எங்கள் கடைகளிலேயே கிடைக்கிறது, அது போதும். கிலோக்கணக்கில் வாங்குகிற வெட்டுத்துண்டுகளில் பனியன் துணி கலந்திருந்தால் அதை வேறாக்கி வையும். பின்னல் துணி இழுபட இழுபட அதன் கண்கள் விரியும், பஞ்சுக்கு வாசல் திறந்துவிடுகிற வேலை அது.

அடுத்தது பஞ்சு. ஒரு துண்டைக் கையில் எடுத்து உள்ளங்கையால் நாலைந்து தரம் தேய்த்துப் பாரும். மேற்பரப்பு பொசுபொசுவென்று எழும்பினால் அந்த நார் கட்டுப்படாதது. சூட்டாலோ பசையாலோ நார்களைப் பிணைத்த பஞ்சு, அல்லது ஊசியால் குத்தி இறுக்கி நடுவில் மெல்லிய வலை வைத்த பஞ்சு இவ்வளவு எழும்பாது. ஊசியால் குத்தியதில் ஒரு பக்கம் சின்னக் குழிகளும் மறுபக்கம் சின்ன மணிகளும் தெரியும். குழிப்பக்கம் மேலே வரட்டும், அப்போது உமது ஊசியும் அதே திசையில் இறங்கும்.

கறுப்புக்குக் கறுப்புப் பஞ்சு போட்டால் போதும் என்று யாரோ சொன்னார்களாம். அரைவாசி சரி. கறுப்புப் பஞ்சும் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் லாபம். முழுப் போர்வையும் கடும் நிறம் என்றால், கிடைத்தால் தாராளமாகப் பாவியும். ஆனால் உமது போர்வையில் கறுப்புக்குப் பக்கத்தில் மஞ்சளும் வெள்ளையும் வருகின்றன. அடியில் கறுப்புப் பஞ்சு இருந்தால் அந்த வெளிர் துண்டுகள் அழுக்குப் பிடித்த மாதிரி மங்கித் தெரியும். உமது வேலைக்கு நான் சொல்லுவது வேறு: பஞ்சு வெள்ளையாகவே இருக்கட்டும், கறுப்புத் துண்டுகளுக்குப் பின்னால் மட்டும் மெல்லிய, நெருக்கமான கறுப்பு லைனிங் துணி ஒரு படை வையும். சாரிச் சட்டைக்கு உள்ளுக்குப் போடுகிறோமே, அது. முதலில் தண்ணீர் தெளியும்வரை அதைக் கழுவும், இல்லாவிட்டால் சாயம் மஞ்சளில் ஏறிவிடும். கொஞ்சம் கூடுதல் செலவுதான், என்றாலும் இந்தப் பிரச்சினைக்கு இதைவிட நம்பிக்கையான வழி எனக்குத் தெரியாது. போர்வையின் அடிப்பக்கமும் கடும் நிறம் என்றால் அங்கேயும் இதே கணக்குத்தான்.

மெசினில் எந்த ஊசி கிடக்கிறது என்று பாரும். ஜீன்ஸ் தைத்த 16ஆம் இலக்க ஊசியோடு பொப்ளினைத் தைத்தால் ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. 11 போடும், துணி தடிப்பென்றால் அதிகம் போனால் 12. முனை மழுங்கிய ஊசி பஞ்சைத் தானே இழுத்துக்கொண்டு வரும், தயங்காமல் அதை மாற்றும்.

கிணற்றடியில் கல்லில் அடித்துத் துவைப்பது இந்தப் போர்வைக்கு ஆகாது. உராய்வுதான் நாரை வெளியே தள்ளுகிறது. மேல்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, துணி உறைக்குள் போட்டு, பிசையாமல் அலசச் சொல்லும். முள்ளுக்கம்பி வேலியில் காயப்போடவும் வேண்டாம். சோளகக் காற்று அடிக்கிற வரண்ட மாதங்களில் பொலியஸ்டர் உராய உராய மின்னேற்றம் பிடித்து, நாரும் தூசும் துணியோடு ஒட்டும். அந்த நாட்களில் நார் கூடுதலாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது திரும்பி வந்திருக்கிற அந்தப் போர்வை. அது பழுதாகவில்லை. மேல்துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பஞ்சிலிருந்து மெல்லத் தூக்கிவிடும், கொஞ்ச நார் தானாக உள்ளே போகும். மிச்சத்தைச் சின்னக் கத்தரியால் துணியோடு ஒட்ட வெட்டும். நூல் நுனியை லைட்டரால் பொசுக்குகிற பழக்கம் கார்மெண்ட்ஸில் வேலை செய்த பிள்ளைகளுக்கு இருக்கும், இங்கே அதைச் செய்யாதேயும். பொலியஸ்டர் உருகி, துணியில் கடினமான மணியாக ஒட்டிவிடும். ஒட்டும் நாடாவும் வேண்டாம், அதுவும் இழுப்பதுதான்.

அடுத்த போர்வை வெட்டுமுன் ஒரு சாண் அளவில் மூன்று படையும் வைத்துத் தைத்து, தேய்த்து, ஒருக்கா கழுவிக் காயவைத்துப் பாரும். லைனிங் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பும், பஞ்சு வாங்கிய சுருளின் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா