டெம்பரேச்சர் முள்ளு ஏறினதும் வண்டிய ஓரங்கட்டுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்துல சின்னதா ஒரு தையல் கடை வெச்சிருக்கேன்ங்க. ஏற்காட்டுல ரெண்டு மூணு கடைக்கு ஸ்கூல் யூனிபார்ம் தெச்சு குடுக்கறேன், ஏப்ரல் மே தான் எங்களுக்கு சீசன், அந்த ரெண்டு மாசமும் வாரத்துக்கு ரெண்டு தடவ துணி மூட்டைய பின் சீட்டுல அடுக்கிட்டு நானே ஓட்டிட்டு மலையேறுவேன். வண்டி 2003 மாடல் மாருதி 800. 2023ல ஆர்சி ரெனிவல் பண்ணப்ப பீஸ் மட்டும் 5000 ரூபா கட்டினோம், 2022 ஏப்ரலுக்கு முன்னாடி அதுவே 600 தான். அவ்வளவு கட்டியும் பழைய வண்டிய ஓட்டறோம்னா வேற வாங்க வழியில்லேன்னு தானங்க அர்த்தம். எங்கள மாதிரி நெறைய பேர் இருக்காங்க, மலையேறும்போது இன்ஜின் சூடேறினா என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாதுன்னு அவங்களுக்கு சொல்லத்தான் இந்த லெட்டர்.

போன வருஷம் அக்னி நட்சத்திரத்துல, மதியம் ரெண்டு மணி இருக்கும். ஏற்காடு ரோட்டுல மொத்தம் 20 ஹேர்பின் வளைவு, நான் ஏழோ எட்டோ தாண்டியிருப்பேன், டெம்பரேச்சர் முள்ளு பாதியில இருந்தது மெல்ல மெல்ல மேல ஏறுது. ஏசிய ஆஃப் பண்ணேன், அப்பவும் ஏறுது, பானெட் இடுக்குல லேசா ஆவி வர ஆரம்பிச்சிடுச்சு. அகலமா ஒரு இடம் பாத்து ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டேன். அங்க எனக்கு முன்னாடியே இன்னொரு பழைய காரு நின்னுட்டிருந்தது. அந்த வண்டி அண்ணன் ஈரத் துண்ட வெச்சு ரேடியேட்டர் (இன்ஜின் சூட்ட ஆத்தற தண்ணி இருக்கற பொட்டி) மூடிய திருகிட்டிருந்தாரு, நான் "வேண்டாங்கண்ணா"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள புஸ்ஸுன்னு தண்ணி ஆளுயரத்துக்கு அடிச்சது. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் தோலு செவந்து பொங்கிடுச்சு, பாவம், வலியில ரோட்டுலயே உக்காந்துட்டாரு. குடிக்க வெச்சிருந்த ரெண்டு பாட்டில் தண்ணியும் அவர் கை மேல ஊத்தினோம், அப்புறம் வந்த ஒரு வேன்ல ஏத்தி கீழ அனுப்பினோம். அந்த மூடிக்குள்ள தண்ணி பிரஷர்ல இருக்குங்க, அதனால 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம உள்ள அடங்கி இருக்கும், மூடிய தெறந்த நொடியில பொங்கி கொதிதண்ணியும் ஆவியுமா வெளிய பாயும். குறைஞ்சது அரை மணி நேரம், நல்ல வெயில்னா முக்கால் மணி நேரம் விட்டு, கைய வெச்சா சூடு தாங்கற அளவுக்கு வந்த அப்புறம்தான் அத தொடணும். சூடா இருக்கற இன்ஜின் மேல பச்சத் தண்ணி ஊத்தறதும் கூடாது, வெடிப்பு விட்டுடும்.

ஆற வெச்சு, கீழ கொண்டாந்து காட்டினா மூணு மெக்கானிக் மூணு விதமா சொன்னாங்க. முதல்ல பாத்தவரு வண்டிய சரியா தொட்டுக்கூட பாக்கல, "ரேடியேட்டர் போச்சுக்கா, புதுசுதான் போடணும், அதுக்கு வண்டியவே தள்ளி விட்ருங்க"ன்னாரு. ரெண்டாவது ஆளு தெர்மோஸ்டாட் வால்வை கழட்டி வீசிட்டா சரியாயிடும்னாரு. இத நம்ம ஊர்ல நெறைய பேர் செய்றாங்க, தப்புங்க இது. அந்த வால்வு 80 டிகிரி சுமாருக்கு மேல போனாத்தான் தண்ணிய ரேடியேட்டருக்கு விடும், அது இல்லேன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூட குடிக்கும், தேய்மானமும் ஜாஸ்தி, ரேடியேட்டர் அடைச்சிருந்தா அது டவுனுக்குள்ள ஓட்டறப்ப தெரியாம மறைஞ்சு போய் மறுபடி மலையேறும்போது அதே எடத்துல நிறுத்தும். வால்வு கெட்டிருந்தா புதுசு மாத்தணும், கழட்டிட்டு விடறது வைத்தியம் இல்ல.

மூணாவதா ஒரு வயசான மெக்கானிக், மரத்தடியில ஷெட்டு போட்டு உக்காந்திருக்கறவரு, அவருதான் கம்மி காசுல ஆகறதுல இருந்து ஆரம்பிச்சாரு. ரேடியேட்டர் மூடிய கழட்டி என் கையில குடுத்து "அடியில அந்த ரப்பர பாரும்மா"ன்னாரு. வாஷர் காஞ்ச வடகம் மாதிரி வெடிச்சு விரல் பட்டாலே உதிருது. அந்த ரப்பர் பிடிக்கலேன்னா உள்ள பிரஷரே நிக்காது, தண்ணி சீக்கிரம் கொதிச்சு வழிஞ்சு போயிடும். அடுத்து ஃபேன். வண்டிய நிறுத்தி இன்ஜின மட்டும் ஓட விட்டு முள்ளு பாதிக்கு மேல வந்தும் ஃபேன் சுத்தவே இல்ல, சூடானதும் ஃபேன போட்டு விடற சுவிட்ச்சோட வயர் ரெண்டையும் கழட்டி ஒண்ணா சேத்தாரு, உடனே ஜம்முனு சுத்துச்சு. அப்ப மோட்டார் நல்லா இருக்கு, சுவிட்ச்தான் போச்சு. ஹைவேல வேகமா போறப்ப எதிர் காத்தே ரேடியேட்டர ஆத்திடும், மலையில ஃபர்ஸ்ட் கியர் செகண்ட் கியர்ல மெதுவா ஏறும்போது காத்தும் கம்மி இன்ஜினுக்கு பாரமும் ஜாஸ்தி, அங்க ஃபேன் இல்லேன்னா அவ்வளவுதான். டவுன்ல தெரியாத கோளாறு ஏழாவது வளைவுல தெரிஞ்சதுக்கு இதான் காரணம்.

கடைசியா இன்ஜின்ல இருந்து ரேடியேட்டருக்கு போற மேல் ஹோஸ் பைப்ப கழட்டினாரு. உள்ள வெள்ள வெள்ளயா உப்பு, எங்க வீட்டு வெந்நீர் அண்டாவுல படியுமே அதே உப்பு, அது மேல துரு கலந்த செங்காவி சேறு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா அத ஊத்தினது நாங்கதான், வருஷக்கணக்கா போர் தண்ணிதான் ஊத்திட்டு இருந்தோம். நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, ரேடியேட்டருக்குன்னே விக்கற கலர் தண்ணி கூலன்ட் எதுக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நாங்களும் நம்பினோம். கூலன்ட் உறையாம இருக்க மட்டும் இல்லீங்க, துரு பிடிக்காம பாத்துக்கும், கொதிநிலையையும் ஏத்தும். அடைப்பெடுத்து கழுவி, மூடி, ஃபேன் சுவிட்ச், ஒரு ஹோஸ், கிளிப்பு, கூலன்ட், கூலி எல்லாம் சேத்து எனக்கு 2300 ரூபா ஆச்சு. புது ரேடியேட்டரும் போடல, வண்டியையும் விக்கல. கூலன்ட் கட்டுப்படியாகாத மாசம் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டராவது ஊத்துங்க, போர் தண்ணி மட்டும் வேண்டாம். பச்சைக் கலர் கூலன்ட் இருக்கறதுல செவப்ப கலக்காதீங்க.

எங்க அண்ணன் கதை வேற மாதிரி போச்சு. நாமக்கல்ல இருந்து வரும்போது முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு, வீடு இன்னும் ஆறு கிலோமீட்டர்தான்னு நிறுத்தாம ஓட்டிட்டு வந்துட்டாரு. மறுநாள் ஆயில் மூடிய தெறந்தா அடியில ஆயிலும் தண்ணியும் கலந்து பால் காப்பி மாதிரி ஒட்டிட்டு இருக்கு, பின்னாடி வெள்ளப் புகை. இன்ஜினோட மேல் மூடி, ஹெட்டுன்னு சொல்லுவாங்க, அது வளைஞ்சு, அதுக்கு அடியில இருக்கற கேஸ்கெட் தகடும் போயி, லேத்துல குடுத்து ஹெட்ட சமமா தேய்க்கணும்னு 17000 கேட்டாங்க, அவரால முடியல, நாலு மாசம் வீட்டு வாசல்ல நின்ன வண்டி காயலாங்கடைக்கு போயிடுச்சு. ஓட்டை விழுந்த ஒரு ஹோஸ் பைப்பால வந்தது அது. அண்ணிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறதுக்கு அந்த வண்டிதான் இருந்தது, இப்ப ரெண்டு பஸ் மாறி போறாங்க. முள்ளு சாதாரணமா நிக்கற எடத்த தாண்டுச்சுன்னா ஏசிய நிறுத்துங்க, ஹீட்டர் இருக்கற வண்டியா இருந்தா கண்ணாடிய இறக்கிட்டு ஹீட்டர ஃபுல்லா போடுங்க, இன்ஜின் சூட்ட கொஞ்சம் வெளிய இழுக்கும், அப்பவும் இறங்கலேன்னா அங்கயே நிறுத்துங்க. டோ பண்ற காசு எந்த கணக்குல பாத்தாலும் ஹெட் வேலைய விட கம்மிதான்.

அதிகாரிங்க கிட்ட எனக்கு ரெண்டு வேண்டுகோள் இருக்குங்க. மே மாசம் ஏற்காடு கோடை விழாவுக்கு எங்கெங்க இருந்தோ வண்டி வருது, அதுல பாதி பழைய வண்டி. அடிவாரத்துலயும் மலைப்பாதை நடுவுல வண்டி ஒதுங்க எடம் இருக்கற எடத்துலயும் ஒரு தண்ணி டேங்க் வைங்க, அதுலயே "சூடா இருக்கும்போது மூடிய திறக்காதீங்க, அரை மணி நேரம் பொறுங்க"ன்னு பெரிய எழுத்துல தமிழ்ல ஒரு போர்டு. இன்னொண்ணு, ஐடிஐல மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக் படிக்கற பசங்கள, சார்ங்க மேற்பார்வையில, விழா ஆரம்பிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அடிவாரத்துல உக்கார வெச்சு மூடி, ஹோஸ், ஃபேன், தண்ணி அளவு இந்த நாலையும் இலவசமா பாத்து சொல்ல வைங்க. ஒரு வண்டிக்கு பத்து நிமிஷம் போதும், பசங்களுக்கும் கை பழகும். எந்த தேதியில எந்த எடத்துலன்னு முன்கூட்டியே உங்க பேப்பர்ல ஒரு சின்ன பெட்டிச் செய்தி வந்தா என்னைப் போல இருக்கறவங்க காலையிலயே வந்து வரிசையில நிப்போம்.

அந்த கை வெந்த அண்ணன் யாரு, எந்த ஊருன்னு எனக்கு தெரியாது, இத படிச்சா அவரு கை ஆறிடுச்சுன்னு உங்களுக்கு ஒரு வரி எழுதினா போதும்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி, சேலம்