பகு எண்ணுன்னு சொன்னா போதுமா, வகுத்துக் காட்டுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை மாணவர் பக்கத்துல 4294967297 ஒரு பகு எண்ணு, அதாவது சின்ன எண்களால மீதியில்லாம வகுபடும்னு ஒத்த வரியில போட்டு முடிச்சிட்டீங்க. என் பொண்ணு அதைப் படிச்சிட்டு "எப்படிப்பா கண்டுபிடிச்சாங்க, கம்ப்யூட்டர்லயா"ன்னு கேட்டா. 1732லயே ஆய்லர்ங்கிற கணித மேதை கண்டுபிடிச்சிட்டாரு, அதுவும் கையால வகுத்து, அதைச் சொல்லாம விட்டது எனக்கு ரொம்ப வருத்தம்.

இது 2ஐ 32 தடவை பெருக்கி 1 கூட்டினா வர்ற எண், 429 கோடிக்கு மேல. 2ஐ இதே மாதிரி 1, 2, 4, 8, 16 தடவை பெருக்கி 1 கூட்டினா 3, 5, 17, 257, 65537னு வரும், இந்த வரிசையில முன்னாடி வர்ற அஞ்சும் பகா எண், அதனால இதுவும் அப்படித்தான் இருக்கும்னு ஃபெர்மாங்கிற கணித அறிஞர் 1640லயே நம்பினாரு. இலக்கங்களைக் கூட்டினா 59, அதனால 3ஆல வகுபடாது, 7, 11 எதுக்கும் மசியாது, பாத்தா பகா எண் மாதிரியேதான் இருக்கும். ஆனா இதோட பகாக் காரணி எதுவா இருந்தாலும் 64ஆல வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும்னு ஆய்லர் காட்டினாரு. அப்போ எல்லாப் பகா எண்ணையும் போட்டுப் பாக்க வேணாம், 193, 257, 449, 577, அடுத்தது 641, அஞ்சாவதுலயே மாட்டிக்கிச்சு! 641ஐ 67 லட்சத்தால பெருக்கினா 4294700000, மிச்சம் 267297, அது சரியா 641 பெருக்கல் 417. அதாவது 641 × 6700417, இந்த ரெண்டும் பகா எண்ணுதான். நானும் பொண்ணும் நோட்டுல போட்டுப் பாத்தோம், மீதி பூஜ்யம் வந்தப்ப அவ மூஞ்சியப் பாக்கணுமே.

இன்னொண்ணு, இது 65536 வர்க்கம் கூட்டல் 1, அதே எண்ணு 62264 வர்க்கம் கூட்டல் 20449 வர்க்கமாவும் வரும். ஒற்றைப்படை எண் ஒண்ணை இப்படி ரெண்டு விதமா எழுத முடிஞ்சாலே அது பகா எண் கிடையாது, காரணி தெரியாமலே சொல்லிடலாம். இது குறைவெண்ணும் கூட, அதாவது வகுத்திங்களைக் கூட்டினா எண்ணைவிடக் கம்மியா வரும், தன்னைத் தவிர்த்த வகுத்திங்க 1, 641, 6700417 மூணையும் கூட்டினா 6701059தான், பக்கத்துலயே வராது.

அடுத்த வாரம் இதுக்கு ரெண்டு கம்மியான 4294967295ஐ எடுத்துக்கங்க. காம்பஸும் அளவு போடாத ஸ்கேலும் மட்டும் வச்சு வரைய முடியும்னு தெரிஞ்ச ஒழுங்கு பலகோணங்கள்ல (எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமா இருக்கற வடிவங்க), பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையா இருக்கறதுல இதுதான் பெரிசு. இது மேல சொன்ன அஞ்சு பகா எண்ணையும் பெருக்கினா வர்ற விடைதான், ஆனா விடையை மட்டும் போட்டுடாதீங்க. 3ஐ 5ஆல பெருக்கினா 15, அதை 17ஆல பெருக்கினா 255, அதை 257ஆலன்னு படிப்படியா போடுங்க, ஒவ்வொரு தடவையும் வரிசையில அடுத்து வர்ற எண்ணுக்கு சரியா ரெண்டு கம்மியா வரும். என் பொண்ணுகிட்ட இதை நான் இன்னும் சொல்லல, உங்க பக்கத்துலயே பாக்கட்டும்னு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்