வாஷிங்டன் பத்திரிகையாளர் மன்றத்திலிருந்து ஒரு கடிதம்

வாஷிங்டன்
நவம்பர் 2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. உன் மூட்டுவலி குறைந்திருப்பதும், பேத்தி இதழியல் படிக்கச் சேர்ந்திருப்பதும் மனத்துக்கு நிறைவு தந்த செய்திகள். ஓய்வு பெற்ற பிறகும் நான் ஏன் நேஷனல் பிரஸ் கிளப் என்ற இங்குள்ள பத்திரிகையாளர் மன்றத்துக்கு விடாமல் போய்வருகிறேன், அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருந்தாய். இந்த ஆண்டு அங்கே நடப்பவற்றை யாரிடமாவது விரிவாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

முதலில் இப்போதைய செய்தி. கடந்த அக்டோபர் 15 அன்று, பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் பணியாற்றி வந்த செய்தியாளர்களில் பெரும்பாலோர் தங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேசையைக் காலிசெய்து, பெட்டிகளோடு வெளியேறினார்கள். அனுமதிக்கப்படாத தகவலைக் கேட்டுப் பெற முயல்பவரின் அட்டை பறிக்கப்படலாம் என்ற புதிய விதிக்குக் கையெழுத்திட மாட்டோம் என்று, கொள்கையில் ஒன்றுக்கொன்று எதிரான நிறுவனங்கள்கூட ஒரே குரலில் சொல்லிவிட்டன. பிப்ரவரியில், மெக்சிகோ வளைகுடாவுக்கு அரசு அமெரிக்க வளைகுடா என்று பெயர் மாற்றிய பின்னும் அதைப் பழைய பெயராலேயே தொடர்ந்து குறிப்பிட்டதற்காக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் வெள்ளை மாளிகை நிகழ்ச்சிகளிலிருந்து தடுக்கப்பட்டதையும், மார்ச்சில் அரசு நிதியில் இயங்கும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஒலிபரப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் 1,300 பேருக்கு மேல் ஒரே நாளில் விடுப்பில் அனுப்பப்பட்டதையும் நீ அங்கே படித்திருப்பாய். இந்த ஆண்டுக்கான மன்றத் தலைவர் மைக் பால்சமோ இவை ஒவ்வொன்றையும் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். அறிக்கையால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. வேலையும் அட்டையும் இழந்து நிற்கும் ஒருவருக்குத் தன் தொழிலைச் சேர்ந்தவர்கள் தன் பக்கம் நிற்கிறார்கள் என்று அச்சில் பார்ப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை, நெருக்கடி நிலைக் காலத்தைக் கண்ட நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மன்றம் இருக்குமிடம் வெள்ளை மாளிகையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், 14ஆம் தெருவில், 1927இல் கட்டி முடிக்கப்பட்ட நேஷனல் பிரஸ் கட்டடத்தின் 13ஆம் மாடி. மன்றம் அதற்கும் முன்பே, 1908 மார்ச்சில் தொடங்கப்பட்டது. வேலை முடிந்த பின் உட்கார்ந்து பேசவும் சீட்டாடவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். அதற்கு முன் இந்த ஊரில் தொடங்கப்பட்ட பத்திரிகையாளர் கிளப்புகள் உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்தே நொடித்துப் போயிருந்ததால், யாருக்கும் கடன் இல்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார்களாம். 1945 பிப்ரவரியில், அப்போது துணை அதிபராக இருந்த ட்ரூமன் இங்கே பியானோ வாசிக்க, அதன் மேல் நடிகை லாரன் பகால் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்த படம் உலகெங்கும் வெளியானது. வரும் விருந்தினர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்லும் கதை அதுதான்.

நான் சொல்ல விரும்புவது வேறு கதை. மன்றத்தில் முதல் கறுப்பினப் பத்திரிகையாளர் லூயிஸ் லாட்டியர் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது 1955இல்தான். அதே ஆண்டில்தான் பெண் செய்தியாளர்களுக்கும் ஒரு சலுகை கிடைத்தது. உலகத் தலைவர்கள் பேசும் மதிய விருந்துக் கூட்டங்களை அவர்கள் பால்கனியில் நின்று கேட்கலாம். ஆனால் கீழே வரக் கூடாது, சாப்பிடக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. அந்தப் பால்கனி குறுகலானது. தொலைக்காட்சிக் கேமராக்களுக்கும் விளக்குகளுக்கும் நடுவே, வெக்கையில், ஒருவரோடு ஒருவர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபடியே குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. கீழே ஆண்கள் சாப்பிட்டு முடித்து, கேள்விகளைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். தலைவர் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். மேலே நின்ற பெண்ணும் அதே செய்தியைத்தான் தன் பத்திரிகைக்கு எழுதித் தர வேண்டும், ஆனால் அவள் சீட்டு மேடைக்குப் போகாது.

1959இல் சோவியத் தலைவர் குருஷேவ் பேச வந்தபோது, ஹெலன் தாமஸ் தலைமையில் தனியாக இயங்கிவந்த பெண் பத்திரிகையாளர் மன்றத்தின் விடாப்பிடியான முயற்சியால், அன்று ஒரு நாள் பெண்களுக்குக் கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தது. பிறகு மறுபடியும் பால்கனிதான். 1963 ஆகஸ்டில், கறுப்பின மக்களின் உரிமைக்கான மாபெரும் வாஷிங்டன் பேரணிக்கு இரண்டு நாள் முன்பு, அதன் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் இதே அரங்கில் பேசவிருந்தார். கறுப்பினத்தவரைப் பேருந்தின் பின் இருக்கைக்கு ஒதுக்கியதற்கு எதிராகப் போராடியவர்கள் பெண்களைப் பால்கனியில் நிறுத்தும் மேடையில் ஏறலாமா என்று வழக்கறிஞர் பாலி மர்ரி எழுப்பிய எதிர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ராண்டால்ஃப் மாபெரும் தலைவர்தான். ஆனாலும் அந்தக் கேள்வியில் நியாயம் மர்ரியின் பக்கமே இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். பெண்களை உறுப்பினராக்கியது 1971இல். பதினொரு ஆண்டு கழித்து, 1982இல், விவியன் வால்பர்க் மன்றத்தின் முதல் பெண் தலைவரானார்.

நாம் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது இரவுப் பணி பெண்களுக்கு ஒத்துவராது என்று சொல்லி நம்மை மகளிர் பக்கத்துக்கு அனுப்பினார்களே, அந்த நாட்களில் இங்கே பெண்கள் பால்கனியிலிருந்து இறங்கி உறுப்பினர்களாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பது எனக்கு இங்கு வந்த பின்தான் தெரிந்தது. ஒரு மன்றத்தை அது யாரை உள்ளே விட்டது, யாருக்காகக் குரல் கொடுத்தது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து எனக்கு வலுத்துவிட்டது. அந்த அளவுகோலில் இந்த மன்றம் அண்மைக் காலத்தில் பெருமளவு தேறியிருக்கிறது என்றே சொல்வேன்.

எமிலியோ குட்டியெரஸ் சோட்டோவை எடுத்துக்கொள். மெக்சிகோவில் இராணுவத்தினரின் அத்துமீறல்களைப் பற்றி எழுதியதால் உயிருக்கு அஞ்சி 2008இல் மகனோடு எல்லை தாண்டி வந்தவர். 2017இல் மெக்சிகோ பத்திரிகையாளர்கள் சார்பாக மன்றத்தின் பத்திரிகைச் சுதந்திர விருதைப் பெற்றுக்கொண்டார். அடுத்த சில மாதங்களுக்குள் அவரை நாடு கடத்தப் பிடித்துக்கொண்டு போனார்கள். விருது கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று மன்றம் இருந்துவிடவில்லை. வழக்கு, மனு, செய்தியாளர் சந்திப்பு என்று விடாமல் அவருடன் நின்றது. 2018இல் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்தார். அடைக்கலம் உறுதியாக 2023 வரை ஆயிற்று. நாட்டைவிட்டு வந்து பதினைந்து ஆண்டுகள்!

ஆஸ்டின் டைஸ் விவகாரம் இன்னும் முடியவில்லை. 2012 ஆகஸ்டில் சிரியத் தலைநகர் டமாஸ்கஸ் அருகே காணாமல் போன, எந்த நிறுவனத்திலும் ஊழியராக இல்லாமல் தனித்து எழுதிவந்த அந்த அமெரிக்கப் பத்திரிகையாளருக்காக மன்றம் ஆண்டுதோறும் ஏதாவது செய்துகொண்டே வந்திருக்கிறது. சென்ற டிசம்பர் 6ஆம் தேதி, அங்கே அதிபர் அசாத்தின் ஆட்சி விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, அவருடைய தாய் டெப்ரா டைஸ் மன்றத்தின் மேடையில் அமர்ந்து, தம் மகன் உயிரோடு இருப்பதாக உறுதியான தகவல் கிடைத்திருக்கிறது என்று கூறினார். ஜனவரியில் அவரே டமாஸ்கஸ் சென்று தேடினார். மகன் கிடைக்கவில்லை. சில நண்பர்கள், இத்தனை ஆண்டுக்குப் பின்னும் அந்தப் பெயரை ஏன் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று தயங்குகிறார்கள். என்ன ஆயிற்று என்று அவருடைய தாய்க்குத் தெரியும் வரை சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

இனி வரப்போகும் நிகழ்ச்சிகள். டிசம்பரில் மன்றத்தின் ஆண்டுத் தேர்தல். ஜனவரியில் புதிய தலைவர் பொறுப்பேற்பார். சேப்பாக்கத்தில் நம் சென்னைப் பத்திரிகையாளர் மன்றத்துக்கு 25 ஆண்டுகளுக்குப் பின் சென்ற டிசம்பரில் தேர்தல் நடந்ததைக் கேட்டு நான் அடைந்த மகிழ்ச்சி உனக்குத் தெரியும். ஆண்டு தவறாமல் வாக்கெடுப்பு நடப்பதே ஒரு மன்றத்தை உயிரோடு வைத்திருக்கிறது. நான் வாக்களிக்கும் முன் வேட்பாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன்: பென்டகனிலிருந்து வெளியே வந்த இளம் செய்தியாளர்களுக்கும், வேலை இழந்தவர்களுக்கும் உறுப்பினர் கட்டணத்தில் சலுகை உண்டா? மக்கள் தொடர்புத் துறையினரும் உறுப்பினர்களாக உள்ள மன்றத்தில், வேலையற்ற செய்தியாளர் கட்டணம் கட்ட முடியாமல் விலகிப் போக நேர்ந்தால் அது தகாது.

அடுத்த மார்ச்சில் மூத்த பெண் உறுப்பினர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து, புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களை ஒரு மாலை அழைத்து, பால்கனிக் காலத்தில் வேலை பார்த்தவர்கள் எழுதி வைத்தவற்றை வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறோம். மார்ச் 29ஆம் தேதியை நான் முன்மொழிந்திருக்கிறேன். 1908இல் வில்லர்டு ஹோட்டலில் கூடி மன்றத்தின் சட்டதிட்டங்களை வகுத்த நாள் அது. 2023இல் அமெரிக்கச் செய்தியாளர் இவான் கெர்ஷ்கோவிச் ரஷ்யாவில் கைதான நாளும் அதுவே. 2024 ஆகஸ்ட் 1 அன்று அவரும், அங்கே சிறையிலிருந்த இன்னொரு பத்திரிகையாளர் அல்சு குர்மஷேவாவும் விடுதலையாகி விமானத்திலிருந்து இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன்.

அந்த மாலைக்கு உன்னிடமிருந்து எனக்கு ஒன்று வேண்டும். தமிழ்நாட்டில் நம் தலைமுறைப் பெண்கள் செய்தி அறைக்குள் எப்படி இடம் பிடித்தார்கள் என்று நீ நினைவிலிருந்து நான்கு பக்கம் எழுதி அனுப்பு. நான் ஆங்கிலத்தில் பெயர்த்து வாசிக்கிறேன். முதல் இரவுப் பணிக்கு நீ எப்படி அனுமதி வாங்கினாய் என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும். அதை உன் பேத்தியிடம் தட்டச்சு செய்யச் சொன்னால் அவளும் படித்த மாதிரி இருக்கும். பிப்ரவரி நடுவுக்குள் வந்துவிட்டால் போதும்.

உன் அன்புத் தோழி