கட்டிலை இழுத்துப் போட்டவளுக்கும் மற்றவர்களுக்கும்

டிகிரி சர்டிபிகேட் போன வாரம்தான் கைக்கு வந்தது. ஊட்டியிலிருந்து கோத்தகிரி பஸ்ஸில் திரும்பும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். பெயர் போடவில்லை. யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் என் ரூம்மேட்டுக்கு. ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ஹாஸ்டலில் இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டு, இரண்டு கம்பளியையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவோம். எனக்குப் பெண்களையும் பிடிக்கும் என்று உன்னிடம் சொன்ன இரவு, உனக்குச் சங்கடமாக இருக்குமே என்று நானே என் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் நீ பேசவில்லை. அப்புறம் இருட்டில் கட்டில் கால் தரையில் கிரீச்சிடும் சத்தம். "குளிருதுடி லூசு, கம்பளியக் குடு" என்றாய். அவ்வளவுதான்.

'பெண்களையும்' என்பதில் இருக்கும் அந்த 'உம்'தான் பலருக்குப் பிடிபடவில்லை. "பையன்களையும் பிடிக்குதுல்ல, அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார்கள். பெண்களை மட்டுமே விரும்பும் என் சீனியர் அக்காவே, "நீ கடைசியில கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடுவ" என்றாள். பயங்கரச் சண்டை. அவள் வீட்டில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது என்று பிறகுதான் தெரிந்தது. இருபாலீர்ப்பு என்று ஒரு சொல் இருப்பதை எனக்குச் சொன்னவளும் அவள்தான். அதுவரை எனக்குத் தெரிந்தவை வசவுகள் மட்டுமே. அக்கா, சண்டைக்கும் சேர்த்தே நன்றி.

இரண்டாம் வருடம் தூக்கமே போய்விட்டது. வீட்டில் மலைக்குக் கீழே இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். 'இதெல்லாம்' மாத்திரையில் மாறிவிடும் என்றார். புதன்கிழமை காலேஜுக்கு வரும் மனநலக் கவுன்சிலர் மேடம் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, தூக்கத்துக்கு வேறு நல்ல டாக்டரைச் சொன்னார். கூடவே, 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவையும் எடுத்துக் காட்டினார். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கு. எங்களைப் போன்றவர்களை மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வதற்கே அதில் தடை போட்டிருந்தார். எனக்குப் பிடித்தது வேறொன்று: தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, நீதிபதியே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார். "ஜட்ஜே போய்க் கத்துக்கிட்டார், உங்க அம்மா கத்துக்க மாட்டாங்களா?" என்றார் மேடம்.

அம்மா பாதிதான் கற்றுக்கொண்டிருக்கிறாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, கறை போகாத விரலால் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்த வருசம் கல்யாணப் பேச்ச எடுக்கல" என்றாள். இந்த வருடம் மட்டும்தான். சரி, அதற்கும் நன்றி அம்மா.

மெஸ் அக்காவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் சாப்பிட இறங்கி வராத நாட்களில், என்ன ஏது என்று கேட்காமல், பிளாஸ்க் நிறைய டீயும் காகிதத்தில் மடித்த இரண்டு வர்க்கியும் கதவோரம் வைத்துவிட்டுப் போவார். அக்கா, அந்தச் சிவப்பு பிளாஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. மூடி கொஞ்சம் விரிசல் விட்டுவிட்டது. அடுத்த மாதம் வரும்போது கொண்டுவருகிறேன்.