போர்டிங்கை மூடுகிறார்களாம்

அன்புள்ள மக்கா,

சுகம்தானே? எனக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது, உன் மதினிக்கு முழங்கால் வலி, மற்றபடி மாதா புண்ணியத்தில் ஓடுகிறது. மும்பையில் மழை என்று டிவியில் காட்டும்போதெல்லாம் உன் நினைப்பு வரும், போன் பண்ணத்தான் கை வராது. சரி, விஷயம் வேறு.

நாம் தங்கிப் படித்த கோயில் போர்டிங்கை வருகிற மே மாதத்தோடு மூடுகிறார்களாம். போன ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, கல்யாண ஓலைக்கும் அசனச் சாப்பாட்டுக்கான தலைக்கட்டு வரி பாக்கிக்கும் நடுவில் பங்குச் சாமி இதையும் வாசித்துவிட்டார். ஒருத்தரும் அசையவில்லை. முன் பெஞ்சு ஆச்சிமார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதே இடத்தில் இங்கிலீஷ் மீடியத்துக்குப் புதுக் கட்டடம் வருகிறதாம், நாம் படுத்த ஹாலையும் பெட்டி ரூமையும் இடித்துவிட்டு. பெட்டி ரூமில் ஒருத்தன் சீனிமிட்டாய் திருடினானே, அந்த ஆதாரமும் அதோடு போய்விடும், நீ நிம்மதியாக இரு.

சாமியிடம் போய்க் கேட்டேன். அவர் மேல் தப்புச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளே இல்லை, விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கு ஊர் ஸ்கூல் வேன் வருகிறது, யார் கொண்டுவந்து விடுவார்கள்? 2014-இல் வந்த விடுதிச் சட்டத்துக்கு அப்புறம் லைசென்ஸ், அந்தச் சான்று, இந்தச் சான்று என்று அலைய ஓர் ஆளே தனியாக வேண்டியிருக்கிறதாம். இப்போது இருப்பவர்கள் பாட்டி வளர்க்கிற பிள்ளைகள். அப்பன் ஆத்தா திருப்பூரிலோ செங்கல் சூளையிலோ கிடக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. சாப்பாட்டு ஹாலில் நம்மை உயர வரிசையில் உட்காரவைத்தாரே வார்டன் சாமி, ஞாபகம் இருக்கிறதா? சமத்துவம் அது இது என்று அவர் ஒருநாளும் பிரசங்கம் வைத்ததில்லை. கோதுமை உப்புமா, ஆணியால் பெயர் கீறின அலுமினியத் தட்டு, குட்டையில் ஆரம்பித்து நெட்டையில் முடியும் வரிசை, அவ்வளவுதான். யார் பக்கத்தில் உட்காருவது என்று எவனும் தேர்ந்தெடுக்க முடியாது. உங்க ஆச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவித்த பனங்கிழங்கோடு வந்து, “பக்கத்துல இருக்கது யாரு வீட்டுப் பிள்ள?” என்று குரலை இறக்கிக் கேட்டபோது, “அவன் என் அடுத்த தட்டு ஆச்சி” என்றாயே! ஆச்சிக்கு வந்த கோபத்தில் கிழங்கைத் திரும்பவும் பைக்குள் போட்டது. இன்றைக்கும் அவன் எனக்கு அடுத்த தட்டுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான்.

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக் கதையோடு இதைச் சேர்த்துப் பார். 1872-இல் கட்டிய கோயிலில் பீடத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மண்டபம், நடுவில் சுவர், ஒரு பக்கம் பிள்ளைமார் முதலிமார், மறுபக்கம் நாடார். 1910-இல் சாமிமார் சுவரை இடித்ததும் மேல்சாதிக்காரர்கள் கேஸ் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் வாங்கியதும் அதே ஊரில்தான்! 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயருக்குப் பின்னால் இருந்த ‘பிள்ளை’யை ரோமாபுரி கழற்றிவிட்டது. நம்ம ஆட்கள் சிலர் இன்னும் ஒட்டவைத்துத்தான் போஸ்டர் அடிக்கிறார்கள்.

அதற்காகப் போர்டிங் மோட்சம் என்று சொல்ல வரவில்லை. விடியுமுன் மணி, கண் திறக்காமலே பூசை, கக்கூஸுக்கு வரிசை, தூங்கிக்கொண்டே சொன்ன செபமாலை, பிரம்பு. அந்தப் பிரம்பை இன்றும் நான் மன்னிக்கவில்லை. லீவுக்கு ஊருக்குப் போனால் சப்பரம் எந்தத் தெருவுக்குள் வரும், எதற்குள் வராது என்று அதே சண்டை. நாமும் பேசாமல்தான் நின்றோம். ஆனாலும் ஒரு தலைமுறைப் பையன்கள் ஐந்தாறு வருஷம் அப்படி உட்கார்ந்து தின்றிருக்கிறோம் மக்கா. இனி ஃபீஸ் கட்ட முடிந்த பிள்ளை ஒரு வகுப்பில், முடியாதது தமிழ் மீடியத்தில் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு. உன் பேரனை எங்கே சேர்த்தாய் என்று எனக்குத் தெரியும், அதனால் இதைப் பற்றி மேலே பேசவில்லை.

நான் நினைத்தது இதுதான். கட்டடம் எழும்பட்டும், ஒரு பக்கத்தில் அந்தச் சில பிள்ளைகளுக்கு மட்டும் தங்க இடமும் சாப்பாடும் கேட்போம். செலவைப் பழைய பையன்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். அடுத்த தட்டு அரிசிக்கு நானாச்சு என்கிறான். பிஷப் ஹவுஸுக்கு மனு எழுத வேண்டும், நான் எழுதினால் சண்டைக்காரக் கடிதமாகிவிடும், நீதான் பவ்வியமாக எழுதுவாய். திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் நீ வந்து சேர வேண்டும். பதில் போடு. வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிடாதே.

உன்,
சீனிமிட்டாய்க்குச் சாட்சி சொன்னவன்