நடைப்பயிற்சியாளர் சங்கம், சேலம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, விடியும் முன்பே வந்து நாற்காலி போட்ட தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான அறிக்கை இது. வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம் நடந்தது. கண் முகாமும் நடந்தது. புரை இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் சிலர் இன்னும் அறுவை சிகிச்சைக்குப் போகாமல் நாள் கடத்துகிறார்கள், அவர்களுக்கு நான் சொல்வது புரியும். மே மாதம் வேன் பிடித்து ஏற்காடு கோடை விழாவுக்குப் போய் வந்தோம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது நீர்மோர் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

இனி எல்லோரும் கேட்கக் காத்திருக்கும் விஷயம்: ரப்பர் தடம்.

இது ஏன் வந்தது என்று புது உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். பூங்காவின் குடிநீர்க் குழாயடி வளைவில் பேவர் பிளாக் கல் எப்போதும் ஈரமாக இருக்கும். கல்லின் இடுக்கில் பாசி. போன மழைக்காலத்தில், குகைப் பகுதியில் நெசவு பார்த்து ஓய்ந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அங்கே திரும்பும்போது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். விழுந்தது ஓர் ஆள் உயரம்கூட இல்லை. தொடை எலும்பின் கழுத்து முறிந்து அறுவை சிகிச்சை, அப்புறம் மாதக்கணக்கில் படுக்கை. இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு பெஞ்சு வரை வந்து உட்கார்கிறார். வேகமாக நடந்து எல்லோரையும் முந்திக்கொண்டிருந்தவர் அவர்.

வயதானவர்கள் விழுவது நம் பூங்காவின் தனிக் கதை அல்ல. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதில் அறுபதைத் தாண்டியவர்களே அதிகம். முன்பக்கம் விழுந்து கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பு போகும், அதுதான் ஆளை முடக்குவது. விழாமல் தடுப்பது ஒரு வழி. விழுந்தாலும் அடி குறைவாகப் பட வைப்பது இன்னொரு வழி. ஸ்வீடனிலும் இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகத்திலும் இந்த இரண்டாவது வழிக்காகவே பழைய டயர் ரப்பரை நிறையச் சேர்த்து நடைபாதைக் கலவை செய்து சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாமும் சின்ன அளவில் பார்ப்போமே என்று செயற்குழுவில் முடிவானது.

நன்கொடையும் அனுமதியும் கிடைத்த பிறகு குழாயடி வளைவில் மட்டும் ஒரு துண்டு போட்டோம். அடியில் சல்லி கொட்டி இறுக்கினார்கள். அதன்மேல் டயர் துருவலைப் பாலியூரித்தேன் பசையில் பிசைந்து ஒரு கனத்த அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே செங்கல் நிறத்தில் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் குருணை. குழந்தைகள் ஊஞ்சலுக்குக் கீழே போடுவார்களே, அதே சரக்குதான். சங்ககிரி லாரிக்காரர்கள் கழற்றிப்போட்ட டயரில்தான் நாளைக்கு நாம் நடக்கப்போகிறோம் என்று வேலை நடந்தபோது ஒருவர் சொன்னார். எந்த ஊர் டயரோ, ரப்பர் ரப்பர்தான்.

பசை காய்ந்து தடம் திறந்த அன்று நடந்த தேங்காய்ச் சோதனை இந்த அறிக்கையில் ஏறியே ஆக வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளையாருக்கு வாங்கிவந்த இரண்டு காய்களில் ஒன்றைத் தலை உயரத்திலிருந்து பேவர் பிளாக்கில் போட்டார்கள். சிதறிப்போனது, காக்கைக்குக் கொண்டாட்டம். இன்னொன்றை ரப்பரில் போட்டார்கள். தொப்பென்று ஒரு சத்தம், முழங்கால் உயரம் துள்ளி, உருண்டு போய்ச் செடிக்குள் நின்றது. கைதட்டல். பிள்ளையாருக்கு அன்றைக்கு ஒரு காய்தான் உடைந்தது என்று குருக்கள் குறைப்பட்டுக்கொண்டது தனி.

ஆனால் நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர் கைதட்டவில்லை. அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. விளையாட்டுத் திடல் தரையைச் சோதிக்கும் இஎன் 1177 என்ற ஐரோப்பிய முறை தலைக்காயத்தை வைத்து அளப்பது. ஒரு குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழுந்தால் தலைக்காயக் குறியீடு 1000-க்குள் இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. ஊஞ்சலிலிருந்து விழும் பிள்ளையின் தலைக்கு அது பொருந்தும். எழுபது வயதுக்காரரின் இடுப்பு எலும்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தேங்காயும் சொல்லாது.

அவர் இரண்டு ஆய்வுகளையும் சொன்னார். ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் அதிர்வு தாங்கும் தரை போட்ட பகுதியில் விழுந்தவர்களுக்குக் காயம் குறைவாக இருந்ததாக 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தின் 150 அறைகளை எடுத்து, சிலவற்றில் மெத்துத் தரையும் மற்றவற்றில் சாதாரணத் தரையும் போட்டு நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். 2019-ல் வந்த முடிவில், கடுமையான காயங்களில் வித்தியாசம் இல்லை. இரண்டுமே வீட்டுக்குள் போட்ட தரைகள், மழையும் வெயிலும் படும் பூங்கா அல்ல. ஆகவே, ரப்பர் போட்டுவிட்டோம், இனி எலும்பு முறியாது என்று நம்மில் யாரும் வெளியே போய்ச் சொல்ல வேண்டாம்.

அப்புறம், நடக்க எப்படி இருக்கிறது? முட்டிவலிக்காரர்களுக்குப் பிடித்திருக்கிறது. கைத்தடி ஊன்றுகிறவர்கள் தடியின் நுனி லேசாக அமுங்குவதாகச் சொல்கிறார்கள். சக்கர நாற்காலி தள்ளும் மருமகள் ஒருவர் அந்த இடத்தில் மட்டும் கூடுதலாக மூச்சு வாங்குகிறது என்றார். இந்த வகைத் தரையில் இதுதான் சிக்கல்: ரொம்ப மெத்தென்று போட்டால் கால் தடுமாறிச் சமநிலை போகும், இறுக்கமாகப் போட்டால் அடியைத் தாங்காது. நீண்டகாலச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதன்மேல் நிதானமாகவே போக வேண்டும்.

இன்னொன்று விளிம்பு. ரப்பர் முடிந்து பேவர் பிளாக் தொடங்கும் இடத்தில் விரல் கனத்துக்கு ஒரு படி நின்றது. வேலை செய்தவரிடம் கேட்டதற்கு, போகப் போக அமுங்கிவிடும் என்றார். அது அமுங்குவதற்குள் நாம் அமுங்கிவிடுவோம் என்று மகளிர் அணியினர் விடாமல் சண்டை போட்டதால் ஆளை வரவழைத்து விளிம்பைச் சரிவாகச் சீவி, கல்லுக்குச் சமமாகப் பூசவைத்தோம். ரப்பரில் விழுந்தால் அடி படாது என்று போட்டுவிட்டு, ரப்பரே தடுக்கிக் கல்லில் விழவைத்தால் என்ன நியாயம்? விளிம்பை மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை அவர்களே ஏற்றிருக்கிறார்கள்.

வெயில் பற்றி: சேலத்துச் சித்திரை வெயிலில் ரப்பர் கொதிக்கும். வெறுங்காலோடு நடக்கும் பழக்கமுள்ளவர்கள் ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளவும். சாயங்காலம் வருகிறவர்கள் செருப்போடு வரவும், ஆனால் தேய்ந்துபோன ஹவாய் செருப்பு வேண்டாம். வெயில் பட்டுப் பட்டு மேல் குருணை நாளடைவில் உதிரும், அதற்குப் பராமரிப்புப் பணம் இப்போதிருந்தே ஒதுக்க வேண்டும்.

குழாய் ஒழுகல் அடைக்கப்பட்டது. உண்மையில் அந்த வளைவு இன்று வழுக்காமல் இருக்கிறது என்றால், ரப்பருக்கு எவ்வளவு பங்கோ, ஒழுகல் நின்றதற்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கருத்து. இதற்கு நன்கொடையாளர் பலகை வைக்க யாரும் முன்வரவில்லை.

இப்போது சபையின் முன் ஒரு தீர்மானம். பூங்கா முழுச் சுற்றுக்கும் ரப்பர் போட வேண்டும் என்று சிலர் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் செயற்குழுவின் பரிந்துரை வேறு. நேரான பாதையில் நாம் அவ்வளவாக விழுவதில்லை. திரும்பும் இடம், படி இறங்கும் இடம், பெஞ்சிலிருந்து எழும் இடம், இவைதான் ஆபத்து. மேற்கு வாசல் படிக்குக் கீழேயும் வாக்கர்காரர்கள் உட்காரும் பெஞ்சு வரிசைக்கு முன்னாலும் மட்டும் அடுத்த துண்டு போடலாம். மிச்சப் பணத்தில் அந்தப் படிக்குக் கைப்பிடிக் கம்பி, கிழக்குப் பக்கம் இரண்டு விளக்கு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பாசி தேய்க்க ஓர் ஆளுக்குக் கூலி. செலவு மதிப்பீடு பொருளாளர் மேசையில் இருக்கிறது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தேநீருக்கு முன்பே எழுந்து சொல்லிவிடுங்கள். தேநீர் வந்த பிறகு தீர்மானம் போடத் தேவையான ஆள் எண்ணிக்கை, அதாவது கோரம், நமக்கு நிற்பதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்